தவழும் குழந்தை, கடிக்கும் நாய், ஏறும் பூனை: எதை எங்கே வைப்பது?

#1 தொட்டிலும் வாலும்

வணக்கம். எங்கள் வீட்டு நிலவரம் இது. மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள், தரையில் கிடைப்பதெல்லாம் நேராக வாய்க்குப் போகிறது. நாய்க்குட்டிக்குப் பல் முளைக்கும் பருவம், செருப்பு முதல் சார்ஜர் வயர் வரை எதையும் விட்டுவைப்பதில்லை. பூனை எதையும் கடிக்காது. ஆனால் எந்த உயரத்திலும் ஏறி, அங்கே இருப்பதை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கும்.

கணவர் "ஆபத்தானதையெல்லாம் மேல் தட்டில் ஏற்றிவிடு, முடிந்தது கதை" என்கிறார். மாமியார் "பிளீச், ஆசிட், பூச்சி மருந்து எல்லாவற்றையும் தூக்கி வெளியே போடு" என்கிறார். முதலாமவர் பூனையைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாமவர் பாத்ரூம் கழுவுவதில்லை.

தேடிப் பார்த்தால் குழந்தைக்கான பட்டியல் "உயரத்தில் வையுங்கள்" என்கிறது. பிராணிகளுக்கான பட்டியல் "கதவுள்ள அலமாரிக்குள் வையுங்கள்" என்கிறது. அந்த அலமாரி பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழே, குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கிறது. இரண்டு பேரும் இருக்கிற வீட்டைப் பற்றி யாராவது யோசித்திருக்கிறீர்களா? எது உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து, எது சும்மா பயம் என்றும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயப்பட எனக்குத் தெம்பில்லை.

#2 மாத்திரைப்பெட்டி

மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அதனால் மருந்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அழுத்தித் திருகும் மூடி இருந்தால் கவலையில்லை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த மூடிக்கு எப்படிச் சோதனை செய்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரையுள்ள குழந்தைகள் கையில் பாட்டிலைக் கொடுக்கிறார்கள். முதல் 5 நிமிடத்தில் 85 சதவீதம் பேரால் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். அப்புறம் எப்படித் திறப்பது என்று காட்டிவிட்டு இன்னும் 5 நிமிடம் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் 80 சதவீதம் பேர் திறக்கவில்லை என்றால் தேர்ச்சி. அதாவது ஐந்தில் ஒரு குழந்தை பத்து நிமிடத்துக்குள் திறந்துவிட்டாலும் அந்த மூடி விதிப்படி சரியானதுதான். மூடி உங்களுக்குச் சில நிமிடங்கள் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

சரி, நாய்க்கு? அந்த மூடி விரலுக்காகச் செய்யப்பட்டது, பல்லுக்காக இல்லை. உங்கள் நாய்க்குட்டி பாட்டிலைக் கடித்துப் பிளந்தால் மாத்திரைகள் தரை முழுக்கச் சிதறும். நாய் தின்றது போக மிச்சம் குழந்தைக்கு. குழந்தைப் பட்டியல், பிராணிப் பட்டியல் என்று தனித்தனியாக எழுதுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஒரே ஒரு மாத்திரை போதும் என்ற வகையில் வருபவை சில உண்டு. சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், மார்பின் வகை வலி மருந்துகள். சர்க்கரை மாத்திரை விழுங்கிய குழந்தை சில மணி நேரம் நன்றாக விளையாடிவிட்டு அப்புறம் சர்க்கரை இறங்கி மயங்கலாம், அதனால் "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை யாரும் விஷமாக நினைப்பதில்லை. பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும், பிரசவம் முடிந்த வீட்டில் கண்டிப்பாக இருக்கும். சிறு குழந்தை பல மாத்திரைகளைத் தின்றால் குடல், கல்லீரல் இரண்டும் போய்விடும்.

விருந்தாளிகளின் கைப்பை இன்னொரு கண்டம். தாத்தா பாட்டி வந்ததும் பையைத் தரையில்தான் வைப்பார்கள். வாசலுக்கு அருகில் உயரமாக ஒரு கொக்கி அடித்துவிடுங்கள், "இங்கே மாட்டுங்கள்" என்று சொல்ல வசதியாக இருக்கும்.

#3 வாலாட்டி

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மாத்திரைப்பெட்டி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: நாய்க்கான வலி மாத்திரை, பூச்சி மாத்திரை பலவும் நாய் ஆசையாகத் தின்னும்படி சுவை சேர்த்துச் செய்யப்படுகின்றன. அதனால் ஒரு மாத்திரையோடு நிறுத்தாது, முழு டப்பாவையும் காலி செய்யும். நாயின் மருந்தை நாய் உணவுப் பக்கத்திலேயே வைப்பது எல்லோருடைய வழக்கமும். மாற்றுங்கள்.

பூனை விஷயம் தனி. பூனையின் கல்லீரலுக்கு மனிதனும் நாயும் சுலபமாக உடைத்து வெளியேற்றும் பல பொருள்களை உடைக்கத் தெரியாது. அதற்கான நொதி அதன் உடலில் மிகக் குறைவு. அதனால் நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லலாம். ஈறு பழுப்பாகிவிடும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும்.

நாய் உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது. அதே மருந்தைப் பூனைக்கு விட்டால் நடுக்கம், வலிப்பு. நாய் மேல் விட்ட ஈரம் காய்வதற்குள் பூனை போய் ஒட்டிப் படுத்தாலே போதும். குழந்தையும் அதே முதுகைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கையை வாயில் வைக்கும். மருந்து போட்ட அன்று நாய் வேறு அறையில் படுக்கட்டும்.

இன்னொன்று, பலரும் கேள்விப்படாதது: முடி வளர்வதற்குத் தடவும் மினாக்சிடில். தலையணையில் ஒட்டியதைப் பூனை நக்கினாலே இதயமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு இறந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

பூச்சாடியில் லில்லி வைக்காதீர்கள். இலை, பூ, மகரந்தம், சாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். மேலே மகரந்தம் உதிர்ந்து, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது உள்ளே போனாலே ஆபத்து.

#4 தொட்டிலும் வாலும்

மினாக்சிடிலா! கணவர் தினமும் ராத்திரி தடவிக்கொண்டுதான் படுக்கிறார், பூனை அவர் தலைமாட்டில்தான் தூங்கும். இந்தப் பதிவை அவருக்குக் காட்டியதும் முதலில் பூனையைப் பார்த்தார், அப்புறம் கண்ணாடியைப் பார்த்தார். இன்று முதல் படுக்கையறைக் கதவு சாத்தப்படும்.

#5 ஸ்க்ரூடிரைவர்

மின்னணுச் சாதனம் பழுது பார்ப்பவன். எல்லோரும் பாட்டில்களையே பேசுகிறீர்கள், பட்டன் பேட்டரியை யாரும் சொல்லவில்லை. சிஆர் 2032 என்று எழுதியிருக்கும், 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். மெல்லிய ரிமோட், கார் சாவி, டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை பார்க்கும் மெஷின், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, பேட்டரி மெழுகுவர்த்தி எல்லாவற்றிலும் இதுவோ இதன் சகோதரனோ இருக்கும்.

ரிமோட்டின் பின்பக்கத்தை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். நகத்தால் இழுத்தால் தட்டு வெளியே வருகிறதா? அப்படியானால் ஒரு முறை கீழே விழுந்தால் பேட்டரி உருண்டு ஓடும். இங்கேதான் உங்கள் பூனை. மேசை மேலிருந்து தள்ளிவிடும், நாய் கடிக்கும், குழந்தை பொறுக்கும். ஸ்க்ரூ போட்டு மூடும் சாதனங்களை மட்டும் கண்ணுக்கெதிரில் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 2022இலிருந்து இதற்குக் கட்டாய விதியே இருக்கிறது: கருவி வைத்தோ, ஒரே நேரத்தில் இரண்டு வேறு அசைவுகள் செய்தோதான் பேட்டரி அறை திறக்க வேண்டும். நீங்கள் எங்கே இருந்தாலும் வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

தீர்ந்துபோன பேட்டரியும் தீர்ந்தது இல்லை. ரிமோட்டை ஓட்டப் போதாத மின்சாரம் திசுவைச் சுடப் போதும். கழற்றியதும் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் வரை பூட்டி வையுங்கள்.

#6 இரவுப்பணி

குழந்தைகள் அவசரப் பிரிவில் செவிலியர். #5ஐ இழையின் முதல் பதிவாக்கினாலும் தகும்.

பட்டன் பேட்டரி ஏன் மோசம் என்றால், அது கசிவதால் இல்லை. உணவுக்குழாய் ஈரமானது. பேட்டரி அங்கே சிக்கினால் இரண்டு பக்கமும் ஈரத்தைத் தொட்டு மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. எதிர்முனை பக்கத்தில் காரம் உருவாகிறது, அடைப்பு நீக்கும் தூளில் இருக்கும் காஸ்டிக் சோடாவின் வேலையைச் செய்யும் காரம். 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் வந்துவிடலாம். பேட்டரியை எடுத்த பிறகும் புண் உள்ளே தொடர்ந்து பரவி, நாள்கள் கழித்துப் பெரிய ரத்தக்குழாயைத் தொட்டுவிடுவதும் உண்டு.

கொடுமை என்னவென்றால் பெரும்பாலும் யாரும் விழுங்கியதைப் பார்ப்பதில்லை. குழந்தைக்கு எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், இருமும், லேசாகக் காய்ச்சல் இருக்கும். சளி என்று நினைத்துவிடுவோம். வீட்டில் ஏதாவது ஒரு சாதனத்தில் பேட்டரி காணவில்லை என்றால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் நாணயம் போலத்தான் தெரியும், ஆனால் விளிம்பில் இரட்டை வளையம் இருக்கும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் அதே அவசரம்தான்.

தேன் பற்றிக் கேட்பீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், முழுங்க முடிகிற நிலையில் இருந்தால், 10 மில்லி வீதம் 10 நிமிடத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 6 முறை கொடுக்கலாம் என்பது வழிகாட்டுதல். அதுவும் மருத்துவமனைக்குப் போகும் வழியில். தேன் எடுக்க நின்று தாமதிக்கக் கூடாது. தேன் தவிர வேறு எதுவும் கொடுக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு ஒரு வயது ஆகவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் தேனும் கூடாது, பாட்டுலிசம் என்ற நரம்பைத் தளரவைக்கும் நச்சு நோய் வரும் அபாயம் இருக்கிறது. நேராகக் கிளம்புங்கள்.

#7 பழைய கணக்கு

நான்கு பிள்ளைகளை வளர்த்தவன். அந்தக் காலத்தில் பூட்டும் இல்லை, பட்டியலும் இல்லை. எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்போம். முட்டை வெள்ளைக்கரு கொடுப்போம். இன்றைக்கு எதற்கெடுத்தாலும் பயம். "தொடாதே" என்று ஒரு அதட்டல் போட்டால் பிள்ளையும் கேட்கும், நாயும் கேட்கும்.

#8 இரவுப்பணி

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் உப்புத் தண்ணீரை யாரும் பின்பற்றிவிடக் கூடாது என்பதால் நேராகவே சொல்கிறேன். சிறு குழந்தைக்கு நிறைய உப்பு கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதிக்கப்படும். விழுங்கிய பொருள் ஒன்றும் செய்யாமல் உப்பு கொன்ற சம்பவங்கள் உண்டு. நாய்க்கும் அப்படியே.

வாந்தி எடுக்க வைப்பதே தப்பு. அமிலமோ காரமோ உள்ளே போகும்போது ஒரு முறை சுடும், வாந்தியில் வெளியே வரும்போது இரண்டாவது முறை சுடும். மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் குடித்தவர்களுக்கு வயிற்றை விட நுரையீரல்தான் ஆபத்து. வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிப் போய் நிமோனியாவாகிறது. வாந்திக்கென்றே ஒரு காலத்தில் வீட்டில் வைத்திருந்த ஐப்பிகாக் சிரப்பையே இனி வீட்டில் வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003இல் சொல்லிவிட்டது. காரத்தைக் குடித்தவருக்கு எலுமிச்சை, வினிகர் என்று முறிவு தேடுவதும் வேண்டாம்.

வாயில் மிச்சம் இருந்தால் துடைத்து எடுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். பாட்டில் ஒன்றுதான் எங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

அதட்டல் பற்றி: தவழும் குழந்தைக்கு "தொடாதே" புரியலாம், நினைவில் நிற்காது.

#9 நெறியாளர்

இடைமறிக்கிறேன். இந்த நிமிடம் உங்கள் வீட்டில் யாராவது எதையாவது விழுங்கியிருந்தால் இந்த இழையைப் படிக்க வேண்டாம். உங்கள் நாட்டின் நச்சுத் தகவல் மையத்தையோ அவசர எண்ணையோ அழையுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் நேராக ஆம்புலன்ஸ். பிராணிகளுக்குக் கால்நடை அவசர எண் வேறு, இரண்டையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.

#10 பழைய கணக்கு

உப்புத் தண்ணீர் போகட்டும், செவிலியர் சொன்னால் ஏற்கிறேன். ஆனால் இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். எல்லோரும் எங்கே வைப்பது என்றே பேசுகிறீர்கள். வைத்திருக்கும்போது விபத்து நடப்பதை விட எடுத்துப் பயன்படுத்தும்போது நடப்பதுதான் அதிகம். தரை துடைக்க பிளீச் எடுக்கிறோம், வாளியில் ஊற்றுகிறோம், போன் அடிக்கிறது. மூடி திறந்தபடி பாட்டில் தரையில் நிற்கிறது. பூட்டு போட்ட அலமாரி அந்த நேரத்தில் காலியாக இருக்கிறது. பூட்டு என்ன செய்யும்?

#11 மாத்திரைப்பெட்டி

ஐயா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். மருந்திலும் அப்படித்தான் நடக்கிறது. காய்ச்சலுக்கு ராத்திரி சிரப் கொடுத்துவிட்டு, மறுபடி கொடுக்க வேண்டுமே என்று பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துவிடுவோம்.

இதோடு சேர்ந்தது, பாட்டில் மாற்றி ஊற்றுவது. பெரிய கேனில் வாங்கி, வசதிக்காகக் குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைப்பது. குழந்தை மட்டுமா, தாகத்தில் பெரியவர்களும் எடுத்துக் குடித்துவிடுகிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

#12 பசுமைவீடு

எதற்கு இவ்வளவு ரசாயனம்? நான் வினிகர், சமையல் சோடா, யூகலிப்டஸ் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். எல்லாமே இயற்கை. வீடும் மணக்கும், யாருக்கும் ஆபத்தில்லை.

#13 வாலாட்டி

வினிகரும் சமையல் சோடாவும் நல்ல தேர்வு, அதில் தகராறு இல்லை. வாசனை எண்ணெய்தான் பிரச்சினை. டீ ட்ரீ எண்ணெயை அப்படியே தோலில் தடவியதால் தள்ளாட்டம், நடுக்கம், கோமா வரை போன பூனை நாய்கள் உண்டு. பூனைக்குக் கல்லீரல் கதைதான், மேலே எழுதியிருக்கிறேன். மூடிய அறையில் எண்ணெயைக் காற்றில் தூவும் டிஃப்யூசர் ஓடினால் துளிகள் ரோமத்தில் படிந்து, நக்கும்போது வாய்க்குப் போகும்.

#14 இரவுப்பணி

யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு சில மில்லி விழுங்கிய குழந்தைகள் அரை மணி நேரத்துக்குள் மயங்கியிருக்கிறார்கள், வலிப்பும் வந்திருக்கிறது. கற்பூரம் கலந்த தைலமும் அதே கதை, கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு, அதுவும் சில நிமிடங்களில். இயற்கையாக வந்தது என்பதற்கும் விஷம் இல்லை என்பதற்கும் சம்பந்தமில்லை. சின்ன பாட்டில், அழகான வாசனை, மூடி சுலபமாகத் திறக்கும் என்பதால் இது இன்னும் மோசம்.

வினிகரைப் பற்றியும் ஒன்று. பிளீச் போட்ட இடத்தில் வினிகர் ஊற்றாதீர்கள். அமிலம் கலந்தால் குளோரின் வாயு வரும். கழிவறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தாலும் அதேதான். குளோரின் காற்றை விடக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு கனம், அதனால் தரையோடு படியும். உங்கள் மூக்குக்கு வருவதற்கு முன்பே தவழும் குழந்தையும் நாயும் சுவாசிக்கும் உயரத்தில் இருக்கும்.

#15 வாலாட்டி

பூனை மண் தட்டையும் பிளீச் ஊற்றிக் கழுவாதீர்கள். சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு வரும். சோப்பும் சுடுதண்ணீரும் போதும்.

தரை துடைக்கும் கிருமிநாசினிகளில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும். பூனை ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் நாக்கில் புண் வரும், எச்சில் ஒழுகும், சாப்பிடாது. கலக்க வேண்டிய அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், நன்றாகக் காயும் வரை மூன்று பேரையும் வேறு அறையில் வையுங்கள். ஃபினாயில் வகை இருந்தால் பூனை வீட்டில் அதை விட்டுவிடுவதே நல்லது.

#16 பசுமைவீடு

டிஃப்யூசர் பற்றித் தெரியாது. எங்கள் வீட்டில் பூனை இல்லை, ஆனால் பேரக்குழந்தை வரும். எண்ணெய் பாட்டில்களை மட்டுமாவது பூட்டிவிடுகிறேன்.

#17 உளியும் சுத்தியலும்

தச்சு வேலை செய்பவன். பூட்டு பற்றி யாரும் விவரமாகச் சொல்லாததால்:

ஒட்டும் பூட்டு வாங்கினால் ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். சிங்க்குக்குக் கீழே ஈரத்தில் எப்படியும் சீக்கிரம் கழன்றுவிடும், அங்கே திருகாணி போட்டு மாட்டும் காந்தப் பூட்டு சரி. கதவு மூடியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையாகப் பாருங்கள். கையால் போட வேண்டிய கொக்கியை ஒரு வாரத்தில் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கேட்டவருக்கு நேரடிப் பதில்: உயரமா பூட்டா என்று கேட்டால் இரண்டும். கதவில்லாத மேல் தட்டு உங்கள் வீட்டில் தட்டே இல்லை, பூனை இருக்கிறது. கதவுள்ள மேல் அலமாரி, அதில் ஒரு பூட்டு. குழந்தை ஒன்றரை வயதில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏற ஆரம்பிக்கும்போதும் அது செல்லும். பக்கவாட்டில் தள்ளும் கதவைப் பூனை திறக்கும், அழுத்தும் கைப்பிடிக் கதவை நாய் திறக்கும். உருண்டைக் கைப்பிடி நல்லது.

குப்பைத் தொட்டியை மறக்காதீர்கள். காலாவதி மாத்திரை, பிளேடு, பேட்டரி, பாதி காலியான டப்பா எல்லாம் கடைசியில் போவது அங்கேதான். மிதித்துத் திறக்கும் தொட்டியை நாய் கற்றுக்கொள்ளும். அதையும் கதவுக்குள்ளே வையுங்கள்.

அப்புறம், நுரைத்துப் பெருகும் பாலியூரிதேன் பசை எங்கள் பட்டறையில் உண்டு. நாய் நக்கினால் என்ன ஆகும்?

#18 வாலாட்டி

வயிற்றுக்குள் ஈரம் பட்டதும் பல மடங்கு உப்பி, கட்டியாக இறுகிவிடும். அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். கொஞ்சம்தான் நக்கியது என்று காத்திருக்காதீர்கள், உடனே அழைத்து வாருங்கள்.

#19 தொட்டிலும் வாலும்

எல்லோருக்கும் நன்றி, பயமும் கூடியிருக்கிறது, வழியும் தெரிகிறது. இரண்டு கேள்வி. ஒன்று, வீட்டில் எலி வருகிறது. மாமனார் எலி மருந்து வைத்தே தீருவேன் என்கிறார், "யாருக்கும் எட்டாத மூலையில்தான் வைப்பேன்" என்று. இரண்டு, புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிறிய வெள்ளைப் பொட்டலம் நேற்று மகள் வாயில் இருந்தது. பிடுங்கிவிட்டேன். அது என்ன விஷம்?

#20 வாலாட்டி

எலிக்கு எட்டும் மூலை பூனைக்கும் எட்டும். அது தவிர எலி அதைத் தூக்கிக்கொண்டு போய் சோபாவுக்கு அடியில் போடும், அங்கே குழந்தை கண்டெடுக்கும். ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்து என்றால் தின்ற நாய் மூன்று, நான்கு நாள் துள்ளிக்கொண்டிருக்கும், அதற்கப்புறம்தான் உள்ளே ரத்தக்கசிவு தெரியும். இதற்கு வைட்டமின் கே1 முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். பசை வடிவில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் இன்னும் கொடூரம், குறிப்பான முறிவு மருந்தே கிடையாது. முதல் ஓரிரு நாள் சரியாகிவிட்ட மாதிரி இருந்து கல்லீரல் செயலிழக்கும். விஷம் தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்றாலும் ஆபத்து. மாமனாரிடம் பொறி வாங்கிக் கொடுங்கள், எலி வரும் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள்.

#21 இரவுப்பணி

வெள்ளைப் பொட்டலம் பெரும்பாலும் சிலிகா ஜெல். "சாப்பிடாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் இருப்பதால் எல்லோரும் அலறி அடித்து ஓடி வருகிறார்கள். அது ஈரம் உறிஞ்சும் மணல் மாதிரி, விஷமில்லை. பொட்டலம் தொண்டையில் அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நாப்கின் க்ரீமை ஒரு வாய் நக்கியது, சாக்பீஸ் தின்றது, பென்சில் கடித்தது எல்லாம் இந்த ரகம்தான். நீங்கள் கேட்ட "சும்மா பயம்" பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே மாதிரி பாவமாகத் தோன்றுகிற தண்ணீர் மணிகள் அப்படியில்லை. பூச்சாடியில் அலங்காரத்துக்கும் விளையாட்டுக்கும் வருகிறதே, கடுகு அளவில் இருந்து ஊறியதும் கோலிக்குண்டு ஆகும் வண்ண உருண்டை. அது குடலுக்குள்ளும் அப்படியே ஊறும், அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் சாதாரணமாகத் தெரியவும் தெரியாது. வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள், ஒரே ஒன்று தரையில் உருண்டாலும் கண்ணில் படாது. சிறிய, சக்தி வாய்ந்த காந்த உருண்டைகளும் அப்படித்தான். இரண்டு விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போடும்.

துணி துவைக்கும் ஜெல் பொட்டலமும் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. எச்சில் பட்டாலே உறை கரையும், உள்ளே இருப்பது சாதாரண சோப்புத் திரவத்தை விட அடர்த்தி. நாய் கடித்தால் பீய்ச்சிக்கொண்டு தொண்டைக்குள் போகும், குழந்தை பிசைந்தால் கண்ணுக்குள் போகும். குழந்தை வளரும் வரை தூளோ திரவமோ போதும்.

#22 ஸ்க்ரூடிரைவர்

கார் வைத்திருப்பவர்கள் கூலன்ட் கேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் விரும்பி நக்கும். தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள்.

#23 வாலாட்டி

ஆமாம், பூனைக்கு அது ஒரு டீஸ்பூன் அளவே உயிருக்கு ஆபத்து. முறிவு மருந்தும் முதல் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பூனைக்குப் பலன்.

#24 தொட்டிலும் வாலும்

மாமனார் பொறிக்குச் சம்மதித்துவிட்டார். பட்டன் பேட்டரி ரிமோட்டுகள் இரண்டும் பூட்டு போட்ட அலமாரிக்குள் போய்விட்டன. அறை துடைக்கும்போது மூன்று பேரையும் கணவர் வெளியே வைத்துக்கொள்வார் என்று ஒப்பந்தம்.

கடைசியாக ஒன்று. உறவுக்காரர் தன் குழந்தையின் பழைய துணிகளை ஒரு பெட்டி நிறையக் கொடுத்திருக்கிறார். உள்ளே பாச்சை உருண்டைகள். வெயிலில் காயவைத்தால் போதுமா?

#25 இரவுப்பணி

நாப்தலின் உருண்டை என்றால் கவனம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியும் துணி வழியே தோலில் படுவதும்கூடச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரவைக்கும். குழந்தைக்குக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. வாசனை முழுக்கப் போகும் வரை காற்றோட்டத்தில் காயவையுங்கள், துவையுங்கள், மறுபடி காயவையுங்கள். வாசனை போகவில்லை என்றால் போட வேண்டாம். உருண்டைகளை எண்ணி எடுத்து மூடிய டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள். ஒரு உருண்டையே சிறு குழந்தைக்கு அதிகம்.

#26 வாலாட்டி

நாய் ஒன்றைத் தின்றுவிட்டால் எந்த வகை உருண்டை என்று மருத்துவர் கேட்பார், ஏனென்றால் சிகிச்சை மாறும். அட்டை இல்லாவிட்டால் மிச்சமுள்ள உருண்டையை வைத்துப் பார்க்கலாம். சாதாரணத் தண்ணீரில் மிதந்தால் கற்பூரம். மூழ்கினால் எடுத்து, இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பு கரைத்த தண்ணீரில் போடுங்கள். அதில் மிதந்தால் நாப்தலின், அதிலும் மூழ்கினால் பாராடைகுளோரோபென்சீன். மூன்றில் கடைசியானது கொஞ்சம் பரவாயில்லை. சோதனையை ஒருவர் செய்யட்டும், அதற்குள் இன்னொருவர் வண்டியை எடுக்கட்டும்.